ஏழு நாள் நேப்பிள்ஸ் சுற்றுலா: வீட்டைக் காட்டினார்கள், வீட்டிலிருந்த பொருள்களைக் காட்டவில்லை

இத்தாலி என்றாலே ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று ஓடிவிட்டு, நேரமிருந்தால் பொம்பெயியில் ஒரு பிற்பகல் இறக்கிவிடுவதுதான் மும்பையிலிருந்து புறப்படும் குழுச் சுற்றுலாக்களில் நான் பார்த்த வழக்கம். ஆகவே, நேப்பிள்ஸ் நகரிலேயே ஆறு இரவுகள் தங்கி, நகரையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் நிதானமாகப் பார்க்கலாம் என்று ஒரு சுற்றுலா நிறுவனம் அறிவித்தபோது, செம்பூரில் வசிக்கும் நாங்கள் மூவரும் அதிகம் யோசிக்காமல் பணம் கட்டினோம். நான், என் கணவர், 72 வயதான என் மாமியார். விமானம், விசா, தங்குமிடம், இருவேளை உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறத்தாழ 2,40,000 ரூபாய் ஆயிற்று. இவ்வளவு பணம் செலவழித்துப் போகிறவர்கள் முன்பதிவு செய்வதற்கு முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. நான் கண்ட குறை பல பயணத் திட்டங்களிலும் இருக்கக்கூடியது.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கான காகிதங்களை அவர்களே ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். விடுதி கரிபால்டி சதுக்கத்து ரயில் நிலையத்துக்கு அருகில், நடந்தே போகும் தொலைவில் இருந்தது. குழுவில் 24 பேர். பாதிக்குமேல் மாட்டுங்கா, முலுண்ட், தானே பகுதித் தமிழ்க் குடும்பங்கள், மற்றவர்கள் மராத்தியர்கள். எங்களோடு வந்த மேலாளர் பொறுமையானவர். மாமியாரின் முழங்கால் வலியை முதல் நாளே கேட்டறிந்து, பேருந்தில் முன் இருக்கையை அவருக்கென்றே ஒதுக்கிவைத்தார். தசரா முடிந்த மறுவாரம் போனதால் வெயிலும் கடுமையாக இல்லை.

திங்கட்கிழமை பொம்பெயி. காலை எட்டரை மணிக்கே பேருந்து புறப்பட்டது, ஆனால் இடிபாடுகளின் வாயிலை நாங்கள் அடைந்தபோது மணி பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. இடையில் தோரே தெல் கிரேக்கோ என்ற ஊரில், பவளத்திலும் சங்கிலும் உருவம் செதுக்கி விற்கும் ஒரு கடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். அந்த ஊர் பவள வேலைக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. கைவினைஞர் ஒருவர் சங்கின் மேலடுக்கைச் சுரண்டி வெண்ணிற முகம் ஒன்றை வரவழைப்பதைக் கால்மணி நேரம் பார்ப்பது மகிழ்ச்சிதான். எஞ்சிய நேரம் முழுவதும் விற்பனை. அதன் பிறகு பொம்பெயிக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம்.

பொம்பெயி ஏறத்தாழ 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரம். அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியிலேயே இருக்கிறது. எஞ்சியதைச் சுற்றிவரவே ஒரு முழு நாள் போதாது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது நுரைக்கல்லும் சாம்பலும் மூடிய இந்த நகரை 1748இல் தோண்டத் தொடங்கினார்கள். வெடிப்பு ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய அக்டோபர்த் தேதி ஒன்று கிடைத்த பிறகு, அது இலையுதிர் காலத்தில் நடந்திருக்கவேண்டும் என்ற கருத்து வலுத்திருக்கிறது. நாங்கள் போனதும் அக்டோபர் என்பதால், வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னபோது குழுவில் எல்லாரும் ஒருமுறை தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார்கள்.

அந்த வழிகாட்டியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி. கிடைத்த குறைந்த நேரத்தில் பெரிய கட்டடங்களைத் தேடி ஓடாமல், கால்களுக்கு அடியில் இருப்பதைப் பார்க்கவைத்தார். தெருவைக் கடக்க இடையிடையே போட்டிருக்கும் உயரமான கற்கள், அவற்றுக்கு நடுவே வண்டிச் சக்கரங்கள் உழுது உண்டாக்கிய பள்ளங்கள், மூலைக்கு மூலை இருக்கும் கல் தொட்டிகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு தொட்டியின் ஓரத்தில், குழாய்வாய்க்குப் பக்கத்தில் கல் வழவழப்பாகக் குழிந்திருந்தது. தண்ணீர் குடிக்கக் குனிந்தவர்கள் எல்லாரும் கையூன்றிய இடம் அது. என் மாமியார் தம் கையை அதில் வைத்துப் பார்த்தார். உள்ளங்கை சரியாகப் பொருந்தியது. எங்கள் ஊர்க் கிணற்றடியில் கயிறு உரசி உரசி வரிவரியாகத் தேய்ந்திருந்த கல்லை நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் மனத்தில் தங்கிவிட்டது. ‘ஃபான் வீடு’ என்ற பெரிய மாளிகையின் வாசலில், வருபவரை வாழ்த்தும் ‘ஹாவே’ என்ற இலத்தீன் சொல்லைக் கல் பதித்து எழுதியிருக்கிறார்கள். உள்ளே தரையில் அலெக்சாந்தர் போர் புரியும் காட்சி. “இது நகல், மூலம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது” என்றார். ரொட்டிச் சூளையைக் காட்டினார், எரிமலைப் பாறையில் செய்த மாவரைக்கும் கல்லைக் காட்டினார். “இங்கே கிடைத்த ரொட்டிகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன” என்றார். சுவரில் சதுரமாக வெட்டியெடுத்த வெற்றிடத்தைக் காட்டி, ஓவியம் அங்கேதான் இருக்கிறது என்றார். அகழாய்வு தொடங்கிய காலத்தில் இந்தப் பகுதி நேப்பிள்ஸ் அரசர்களின் ஆட்சியில் இருந்தது. தோண்டியெடுத்தவற்றில் சிறந்தவற்றையெல்லாம் அவர்கள் தங்கள் சேகரிப்புக்குக் கொண்டுபோனார்கள். அதனால் சுவர்களும் தெருக்களும் இங்கே, வாழ்க்கை அங்கே என்று நகரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் பார்க்காமல் வருவது, குடிபெயர்ந்து போனவர்களின் காலி வீட்டைப் பார்த்துவிட்டு வருவதைப் போன்றது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்காக ஒரு செய்தி. பொம்பெயித் தெருக்கற்கள் சமமானவை அல்ல. ஆனால் வட்டரங்கின் பக்கத்து வாயிலிலிருந்து, சக்கர நாற்காலியும் போகக்கூடிய வகையில் சமப்படுத்திய தனிப்பாதை ஒன்று மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக அமைத்திருக்கிறார்கள். எங்களை வேறு வாயில் வழியாக அழைத்துப் போனதால், குழுவிலிருந்த நான்கு முதியவர்களுக்கும் அந்தப் பாதை கிடைக்கவில்லை. நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதாலும், நுழைவுச்சீட்டில் பெயர் இருக்கவேண்டும் என்பதாலும், வாயிலை முன்கூட்டியே முடிவுசெய்து பதிவுசெய்யச் சொல்லிக் கேட்பது நல்லது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நேப்பிள்ஸ் நகர் உலா. திட்டத்தில் “அருங்காட்சியகம், சான்செவேரோ சிற்றாலயம் (நேரமிருந்தால்)” என்று அச்சிட்டிருந்தார்கள். நேரம் இருந்தது, கதவுதான் திறக்கவில்லை. நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. ஜுசெப்பே சான்மார்த்தினோ 1753இல் வடித்த, மெல்லிய துணி போர்த்திய ஏசுவின் பளிங்குச் சிலை இருக்கும் சான்செவேரோ சிற்றாலயத்துக்கும் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. நகரின் தலைசிறந்த இரண்டு இடங்களும் மூடியிருக்கும் ஒரே நாளைப் பார்த்து நகர் உலாவை வைத்திருக்கிறார்கள். திங்களையும் செவ்வாயையும் இடம் மாற்றியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது, இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை.

ஆயினும் அன்றைய நடை வீணாகவில்லை. நேப்பிள்ஸின் பழைய நகரம் கிரேக்கர் குடியேற்றமாகத் தொடங்கியபோது போட்ட நேர்கோட்டுத் தெருக்களையே இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதியை யுனெஸ்கோ 1995இல் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. நகரைக் கீறிப் பிளப்பதுபோல் நேராக ஓடும் ஸ்பாக்கா நாப்பொலித் தெருவில் நடந்தால், மேலே கொடியில் துணி காய்கிறது, கீழே ஸ்கூட்டர் உரசிக்கொண்டு போகிறது, மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்குகிறது. மும்பைக் கிர்காவின் ‘சால்’ எனும் நெருக்கமான பழைய குடியிருப்புகளில் வளர்ந்த என் கணவருக்கு இந்த நகரம் முதல் மணி நேரத்திலேயே பிடித்துவிட்டது.

அந்தத் தெருவிலிருந்து பிரியும் சான் கிரெகோரியோ அர்மேனோ சந்தை எங்கள் குழுவிலிருந்த தமிழ்ப் பெண்கள் அனைவரையும் நிறுத்திவிட்டது. கிறிஸ்துமஸ் குடிலுக்கான மண் பொம்மைகளை ஆண்டு முழுவதும் செய்து விற்கும் சந்து அது. குழந்தை ஏசுவும் மாதாவும் மட்டுமல்லர். மீன்காரர், காய்கறி விற்பவள், கசாப்புக்காரர், அடுப்பில் பீட்சாவைத் தள்ளுபவர் என்று ஊரே குடிலுக்குள் வந்துவிடுகிறது. பத்து நாள்களுக்கு முன்புதான் எங்கள் கொலுவை எடுத்துவைத்துவிட்டு வந்திருந்தோம். செட்டியார் கடை, அதன் முன் பரப்பிய அரிசி பருப்பு, பக்கத்தில் கல்யாணக் கோஷ்டி என்று நாம் கீழ்ப்படியில் வைப்பதையே அவர்களும் வைக்கிறார்கள். ஒரு விரல் நீளமுள்ள ரொட்டி விற்பவள் பொம்மையை மாமியார் பேரம் பேசாமல் வாங்கினார். இந்தச் சந்தில் திட்டப்படி இருபது நிமிடம். மேலாளர் எங்களுக்காக அதை ஒரு மணி நேரமாக நீட்டித்தார், அதற்கு அவருக்கு நன்றி.

புதன்கிழமை அமால்ஃபிக் கடற்கரைச் சாலை. கடலும் மலையும் அழகு, பேருந்து பெரும்பாலும் நெரிசலில் நின்றது.

வியாழக்கிழமைதான் இந்தத் திட்டத்தில் சரியாக அமைந்த நாள். காலையில் வெசூவியஸ், பேருந்து போகும் இடம்வரை போய், பிறகு சரளைப் பாதையில் எரிமலை வாயின் விளிம்புவரை ஏறவேண்டும். 1281 மீட்டர் உயரமுள்ள இந்த மலை கடைசியாக வெடித்தது 1944இல். மாமியார் கீழேயே இருந்துகொண்டார். பிற்பகல், அதே வெடிப்பில் புதைந்த மற்றொரு ரோமானிய ஊரான ஹெர்குலேனியம். பொம்பெயியைவிட மிகச் சிறியது, கூட்டமும் குறைவு, ஆனால் இங்கே கொதிக்கும் சாம்பலும் வாயுவும் ஒரேயடியாக வந்து மூடியதால் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. மாடிகள், உத்தரங்கள், கட்டில், கூடத்தை அறையிலிருந்து பிரிக்கும் மடக்குக் கதவு எல்லாம் கறுத்து, ஆனால் வடிவம் கெடாமல் இருக்கின்றன. கடற்கரையோரப் படகுக் கொட்டகைகளில், தப்புவதற்காக ஓடி வந்து ஒதுங்கிய ஏறத்தாழ 300 பேரின் எலும்புகள் கிடைத்தன. அங்கே எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை. முதியவர்களோடு போகிறவர்களுக்கு நேரம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் உண்டென்றால், பொம்பெயியை விட்டுவிட்டு இங்கே போங்கள் என்றே சொல்வேன்.

வெள்ளிக்கிழமை ‘விருப்ப நாள்’. தனிக்கட்டணம் கட்டிப் பெரும்பாலோர் காப்ரித் தீவுக்குப் போனார்கள். நாங்கள் மூவரும் மெட்ரோவில் ஏறி அருங்காட்சியகத்துக்குப் போனோம். நிறுவனம் செய்யத் தவறியதை நாங்களே செய்துகொண்ட இந்த ஒரு நாளுக்காகவே அந்தப் பயணத்தை நான் மறக்கமாட்டேன்.

ரொட்டியை முதலில் சொல்கிறேன். ஹெர்குலேனியத்தில் கிடைத்த கரியான ரொட்டி ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. வட்டமானது, பிட்டுச் சாப்பிட வசதியாக மேலே கோடு கீறி எட்டுப் பங்காக வகுத்திருக்கிறார்கள். ஓரத்தில் முத்திரை. குவின்துஸ் கிரானியுஸ் வேருஸ் என்பவரின் அடிமையான கேலருடையது என்று அதில் இலத்தீனில் இருக்கிறது. பொதுச் சூளையில் பல வீட்டு ரொட்டிகளும் ஒன்றாக வெந்தால் யாருடையது எது என்று அடையாளம் தெரியவேண்டுமல்லவா என்று என் கணவர் சொன்னார். எங்கள் குடியிருப்பில் கோயில் விசேஷத்துக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்பதும் அதற்காகத்தானே. ஒரு அடிமையின் பெயர் ஒரு ரொட்டியின் மேல் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருப்பதை அங்கே நின்று வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு, எதற்காக வந்தோமோ அது. பொம்பெயியின் கடைத்தெருவான அபுந்தான்சா வீதியை ஒட்டிய ஒரு வீட்டில் 1938இல் கிடைத்த, இந்தியாவில் செய்த தந்தச் சிலை. ‘பொம்பெயி லட்சுமி’ என்று பெயர் பரவிவிட்டாலும், அது லட்சுமி அன்று, யட்சி வகைப் பெண்ணுருவம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. காமம் சார்ந்த பழம்பொருள்களைத் தனியே பூட்டிவைத்திருந்த ‘இரகசிய அறை’யில் இதையும் வைத்திருக்கிறார்கள், 2000ஆம் ஆண்டு முதல் அந்த அறையைப் பொதுமக்கள் பார்க்கலாம். சிலை ஒரு சாண் உயரத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். கைகளில் முழங்கைவரை அடுக்கிய வளையல்கள், கால்களில் தண்டை, இடையில் மேகலை, இருபுறமும் ஒப்பனைப் பொருள் ஏந்திய இரண்டு சிறு தோழிகள். உச்சியில் ஒரு துளை இருப்பதால் ஏதோ ஒரு பொருளின் பிடியாகவோ காலாகவோ இருந்திருக்கலாம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் முதுகில் நீளமாகப் பின்னல் தொங்குகிறது. மாமியார் கண்ணாடிக்கு வெகு அருகில் குனிந்து பார்த்துவிட்டு, “பின்னலைப் பாரும்மா. யாரும் சொல்லவே வேண்டாம், நம்ம ஊர்ப் பொண்ணு” என்றார்.

நம்ம ஊர் என்று அவர் சொன்னது இன்னும் ஒரு வகையிலும் பொருந்தும். இதை ஒத்த உருவங்கள் மகாராஷ்டிரத்தின் தேர், போக்கர்தன் ஆகிய இரண்டு ஊர்களில் கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து அங்கே போனதற்கு இணையாக அங்கிருந்து இங்கே வந்ததும் உண்டு: கோலாப்பூரில் கிடைத்த ரோமானிய வெண்கலக் கடல்தெய்வச் சிலை கோலாப்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. மும்பையில் அலுவலகம் வைத்து, மும்பை மக்களிடம் பணம் வாங்கி, பொம்பெயிக்கு அழைத்துப்போகும் ஒரு நிறுவனத்தின் கையேட்டில் இந்தச் சிலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலாளரிடம் கேட்டேன், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்து நிலையத்திலிருந்து இரண்டாம் தட ரயிலில் பொட்சுவோலிக்குப் போனோம். அரை மணி நேரப் பயணம். எந்தத் திட்டத்திலும் இல்லாத ஊர், ஆனால் தமிழர்கள் பார்க்கவேண்டிய ஊர். ரோமை ஒட்டிய ஒஸ்தியாவுக்கு அருகில் பெரிய துறைமுகம் அமைவதற்கு முன்பு ரோமுக்கு வரும் கடல் வாணிகத்தின் பெரும்பகுதி இங்கேதான் இறங்கியது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்திலும் நைல் நதிப் படகிலும் அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்தது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலங்களை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் படித்தவர்களுக்கு, அந்த மரக்கலங்களின் மறுகரை எது என்று கேட்டால் இதைக் காட்டலாம். இந்த வளைகுடாவின் முனையிலுள்ள மிசேனத்தில்தான் ரோமானிய எழுத்தாளரான மூத்த பிளினி கடற்படைத் தலைவராக இருந்தார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று வருந்தி எழுதியவர், முசிறியின் பெயரையும் மிளகின் விலையையும் குறித்து வைத்தவர். வெசூவியஸ் வெடித்த நாளில் மக்களை மீட்கக் கப்பல்களோடு வளைகுடாவைக் கடந்து போய், எதிர்க்கரையிலேயே உயிர்விட்டவரும் அவரே.

துறைமுகத்துக்கு அருகில் ரோமானியர் காலச் சந்தைக் கட்டடம் இருக்கிறது. உள்ளே இறங்கவேண்டியதில்லை, சுற்றியுள்ள கம்பித் தடுப்பிலிருந்தே மூன்று உயரமான பளிங்குத் தூண்கள் தெரியும். தூண்களின் நடுப்பகுதியில் மட்டும் பட்டையாக, அம்மைத் தழும்புபோல் துளைகள். கல்லைத் துளைக்கும் கடற்சிப்பிகள் இட்டவை அவை. இந்தப் பகுதியின் நிலம், அடியிலிருக்கும் எரிமலையின் இயக்கத்தால் மெல்லத் தாழ்ந்து கடலுக்குள் போய், மீண்டும் மேலெழும்பியிருக்கிறது. 1982 முதல் 1984 வரையிலான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. நில அதிர்வுகள் இப்போதும் அடிக்கடி வருகின்றன, ஆகவே போகிறவர்கள் அன்றைய நிலவரத்தை விடுதியில் கேட்டுவிட்டுப் போகவேண்டும்.

உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வோர் இரவும் பேருந்தில் முக்கால் மணி நேரம் போய் ஓர் இந்திய உணவகத்தில் பனீரும் பருப்பும் சாப்பிட்டோம். சைவர்களுக்கு வேறு வழியில்லை என்றார்கள். வேறு வழி தாராளமாக இருக்கிறது. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் தவிர எதுவும் இல்லை. பாலாடைக் கட்டியும் கிடையாது. கொண்டைக்கடலை சேர்த்த பாஸ்தா, கடுகுக்கீரையின் கசப்போடு வதக்கித் தரும் ஃபிரியாரியெல்லி எல்லாம் கிடைக்கின்றன. நெத்திலி, பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளவேண்டும். பாலாடைக் கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதுண்டு என்பதால், அதையும் தவிர்ப்பவர்கள் மரினாராவோடு நின்றுகொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை இரவு அதைத்தான் சாப்பிட்டோம். பீட்சா சுடும் நேப்பிள்ஸ்காரர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017இல் பாரம்பரியக் கலையாக ஏற்றது என்பதை வாசித்திருந்தேன். ஒன்றரை நிமிடத்தில் அடுப்பிலிருந்து வந்த அந்த விளிம்பைக் கடித்தபோது காரணம் விளங்கியது.

மும்பை திரும்பியதும் நிறுவனத்துக்கு விரிவாகக் கடிதம் எழுதினேன்: நகர் உலாவைச் செவ்வாயிலிருந்து மாற்றுங்கள், பவளக் கடையை அரை மணி நேரமாகக் குறையுங்கள், பொம்பெயிக்கு ஐந்து மணி நேரம் கொடுங்கள், அருங்காட்சியகத்தை அடைப்புக்குறியிலிருந்து வெளியே எடுங்கள், முதியவர்களை வட்டரங்க வாயில் வழியாக அழைத்துப்போங்கள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த குழுவுக்கு அருங்காட்சியகம் வியாழக்கிழமைக்கு மாறியிருக்கிறதாம், அரை நாள் முழுவதும் அதற்கே. பவளக் கடை அப்படியேதான் இருக்கிறது. பணம் கட்டும் முன் அச்சிட்ட திட்டத்தைக் கையில் வாங்கி, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே என்ன கிழமை, எத்தனை மணி நேரம் என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.